படகில் கிராக்கன் எஸ்.டி.ஆர்: டி.வி. கோபுர வெளிச்சத்தில் கப்பல் பார்க்கும் பெட்டி

கிராக்கன் எஸ்.டி.ஆர் ஐந்து ஆன்டெனா வாய் கொண்ட, மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவர். அலுமினியப் பெட்டிக்குள் ஆர்.டி.எல் எஸ்.டி.ஆர் எனும் மலிவான சிறு ரிசீவர்கள் ஐந்து, ஐந்துக்கும் ஒரே கடிகாரம், ஐந்து சேனல்களையும் (வாய்க்கு ஒன்று) தானாக ஒன்றோடொன்று இசைத்துக்கொள்ள உள்ளேயே சோதனை இரைச்சல் எழுப்பும் ஒரு பகுதி. சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாலோர் இதை வாங்குகிறார்கள். ஆனால் ஐந்தில் இரண்டு வாயை மட்டும் எடுத்துக்கொண்டு, கரையில் நிற்கும் டி.வி. கோபுரத்தை விளக்காக வைத்து, கடலில் போகும் கப்பலைப் பார்க்கவும் இது உதவும். தான் எதையும் அனுப்பாத ரேடார், அதாவது செயலற்ற ரேடார். இந்த மதிப்புரை அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டுமே, அதுவும் பெட்டி படகில் இருக்கும்போது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜெட்டியில் கட்டிய படகில் மிக நன்றாக வேலை செய்யும். நங்கூரத்தில் நிற்கும் படகில் கொஞ்சம் மெனக்கெட்டால் நன்றாக வேலை செய்யும். ஓடும் படகில், வாங்கி வந்தபடியே போட்டால், வேலை செய்யாது. காரணம் பெட்டியில் இல்லை, ஆன்டெனா நகர்வதில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் வாங்குபவர்கள்தான் பின்னால் பெட்டியைக் குறை சொல்கிறார்கள்.

முறை எளிது. ஒரு ஆன்டெனா கோபுரத்தைப் பார்த்தபடி நேர் சிக்னலை வாங்கும். இதை ஆதார ஆன்டெனா என்போம். இன்னொன்று கடலைப் பார்க்கும், அது தேடும் ஆன்டெனா. கோபுரத்திலிருந்து கிளம்பிக் கப்பலில் பட்டு வரும் எதிரொலி, நேர் சிக்னலைவிடச் சற்றுத் தாமதமாக, சற்று அதிர்வெண் மாறி வந்து சேரும். இரண்டையும் ஒப்பிட்டால் தாமதத்திலிருந்து சுற்றுத் தூரமும் (நேர் வழியைவிட எதிரொலி எவ்வளவு கூடுதலாகச் சுற்றி வந்தது என்பது), டாப்ளர் எனப்படும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகமும் கிடைக்கும். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும் செய்து காட்டிய சோதனை அடிப்படையில் இதுவேதான். பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்புதான் விளக்கு, ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானம்தான் இலக்கு. அவர்கள் லாரியில் ஏற்றிச் சென்ற ரிசீவரின் வேலையை இன்று ஒரு சிறு பெட்டியும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியும் செய்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சோலென்ட் நீரிணையை எடுத்துக்கொள்வோம். இந்தச் சோதனைக்கென்றே அமைந்த இடம். வைட் தீவின் மேட்டில் ரோரிட்ஜ் கோபுரம், 200 கிலோவாட்டில் டி.வி.பி-டி எனும் டிஜிட்டல் டி.வி. ஒளிபரப்பு. சவுதாம்ப்டனுக்குள் போகும் கன்டெய்னர் கப்பல்கள், கார் ஏற்றும் ஃபெர்ரிகள், 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்) வேகத்தை ஒட்டிப் பறக்கும் ரெட் ஜெட் கட்டமரான்கள் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பில். ரோரிட்ஜின் சேனல் 24 என்பது 498 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 60 சென்டிமீட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த எண்ணை வைத்தே.

படகு ஆஸ்போர்ன் விரிகுடாவில் நங்கூரத்தில் நிற்கிறது, ஒரு பெரிய கப்பல் கால்ஷாட் முனையருகே வருகிறது என்று வையுங்கள். கோபுரத்திலிருந்து கப்பலுக்குச் சுமார் 16 கிலோமீட்டர், கப்பலிலிருந்து படகுக்கு 8, கோபுரத்திலிருந்து படகுக்கு நேராக 12. சுற்றுத் தூரம் 16 + 8 − 12 = 12 கிலோமீட்டர். கிராக்கன் ஒரே நேரத்தில் வாங்கும் அலைவரிசை அகலம் 2.4 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இந்த அகலத்தால் வகுத்தால் திரையில் ஒரு கட்டம் 125 மீட்டர், அந்தக் கப்பல் 96-வது கட்டத்தில் தெரியும். டி.வி. சேனலின் முழு அகலமான 7.61 மெகாஹெர்ட்ஸையும் வாங்க முடிந்தால் கட்டம் 39 மீட்டராகச் சுருங்கும். இந்தப் பெட்டியால் அது முடியாது. கப்பலுக்கு 125 மீட்டர் போதும். அருகருகே போகும் இரண்டு சிறு படகுகளைப் பிரித்துப் பார்க்கப் போதாது.

96-வது கட்டம் என்றால் கப்பல் எங்கே? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சுற்றுத் தூரம் 12 கிலோமீட்டர் என்பது கோபுரத்தையும் படகையும் இரு குவியங்களாகக் கொண்ட ஒரு நீள்வட்டம். கப்பல் அதன் மேல் எங்கோ இருக்கிறது. கடல் ரேடாரைப் போல வட்டத் திரையில் புள்ளி வைத்துக் காட்டாது. இடது வலமாகத் தூரம், மேல் கீழாக டாப்ளர், அவ்வளவுதான் திரை. தூரம் சைபரில் செங்குத்தாக ஒரு பளிச்சென்ற கோடு நிற்கும், அது நேர் சிக்னலின் மிச்சம். டாப்ளர் சைபரை ஒட்டிக் கிடைமட்டமாக ஒரு மங்கலான பட்டை, கரையும் கட்டடங்களும். ஃபெர்ரி ஒன்று புறப்பட்டதும் அந்தப் பட்டையிலிருந்து ஒரு பொட்டு பிரிந்து மேலே ஏறும். பின் ஒவ்வொரு கட்டமாகப் பக்கவாட்டில் நகரும். 12 நாட் ஃபெர்ரிக்கு அதிகபட்சம் 20 ஹெர்ட்ஸ், ரெட் ஜெட்டுக்கு 60 ஹெர்ட்ஸ் வரை போகும்.

சிக்னல் பலம் போதுமா என்ற கவலை வேண்டாம். 1,000 சதுர மீட்டர் எதிரொலிப் பரப்பு உள்ள கப்பலுக்கு, 10 டெசிபெல் யாகியில் (ஒரு பக்கத்தை மட்டும் கூர்ந்து பார்க்கும் ஆன்டெனா), மேலே சொன்ன தூரங்களில் எதிரொலி சுமார் −76 டி.பி.எம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). ரிசீவரின் இரைச்சலைவிட அது மிக உயரம். உண்மையான எதிரி நேர் சிக்னல். அதே யாகியின் பின்புறம் வழியாக அது சுமார் −30 டி.பி.எம்மில் நுழைகிறது, எதிரொலியைவிட 46 டெசிபெல் அதிகம். கிராக்கனில் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. வெறும் 8 பிட், அதாவது காகிதக் கணக்கில் 50 டெசிபெல். ஒரு வினாடி சேர்த்துக் கூட்டும்போது 60 டெசிபெலுக்கு மேல் லாபம் கிடைப்பதால்தான் இந்தச் சோதனையே சாத்தியமாகிறது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள். இந்தத் தூரத்தில் கெயினை, அதாவது சிக்னல் பெருக்கத்தை, அடிமட்டத்திலிருந்து தொடங்கி, மென்பொருள் ஏ.டி.சி. நிரம்பியது என்று எச்சரிக்கும் இடத்துக்கு இரண்டு படி கீழே நிறுத்துங்கள். ஆதார ஆன்டெனாவுக்கு டைபோல் எனும் சாதாரண இரட்டைக் கம்பி ஆன்டெனா போதும். அதுவும் ஓங்கினால் சிக்னலைக் குறைக்கும் 10 அல்லது 20 டெசிபெல் அட்டெனுவேட்டரை அந்தக் கேபிளில் திருகிவிடுங்கள்.

தேடும் யாகியை எங்கே திருப்புவது என்பதில்தான் பாதி வெற்றி. ஆஸ்போர்னிலிருந்து கோபுரம் தென்மேற்கில், கால்ஷாட் வடமேற்கில், இடையே 110 பாகைக்குச் சற்று மேல். யாகிக்குப் பக்கவாட்டில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கப்பலை நேருக்கு நேர் பார்க்காமல் ஐந்து பத்து பாகை தள்ளித் திருப்பி, கோபுரத்தை அந்தக் குருட்டுப் புள்ளியில் விழ வைத்தால், கப்பலின் எதிரொலி கொஞ்சம்தான் குறையும், நேர் சிக்னலோ பெரிதாக இறங்கும். சைபர் கோட்டின் பிரகாசத்தைப் பார்த்தபடியே கையால் மெல்லத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நங்கூரத்தில் இருந்தால் நீரோட்டம் திரும்பியதும் படகும் சுற்றும். அமரம் (படகின் பின்முனை) இருந்த பக்கம் அணியம் (முன்முனை) வந்துவிடும், யாகி கோபுரத்தை நேராகப் பார்க்கத் தொடங்கிவிடும். ஜெட்டியை முதலில் சொன்னது இதனால்தான்.

ரோரிட்ஜ் கிடைமட்டம், செங்குத்து இரண்டு முனைவாக்கத்திலும் (அலை அதிரும் திசை) ஒளிபரப்புகிறது. பாய்மரப் படகில் கிடைமட்டத்தையே எடுங்கள். பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் பெரும்பாலும் செங்குத்தாக நிற்பவை. அவற்றில் பட்டுச் சிதறும் நேர் சிக்னல் கிடைமட்ட யாகிக்குள் குறைவாகவே வரும்.

இனி முக்கியமான விஷயம், ஆட்டம். ஆன்டெனா உயரே இருந்தால் நல்லது என்று பாய்மர உச்சியில் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். 10 மீட்டர் உயரத்தில் படகு நான்கு வினாடிக்கு ஒருமுறை இருபுறமும் 5 பாகை உருண்டால், உச்சி இருபுறமும் 87 சென்டிமீட்டர் போய்வருகிறது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர், 498 மெகாஹெர்ட்ஸில் 2.3 ஹெர்ட்ஸ் டாப்ளர். ஒரு வினாடி கூட்டினால் டாப்ளர் கட்டம் 1 ஹெர்ட்ஸ். அதாவது நகராத கரையே இரண்டு மூன்று கட்டம் மேலும் கீழுமாகப் பூசப்பட்டு, மெதுவாகப் போகும் படகுகளையெல்லாம் விழுங்கிவிடும். அமரத்தில் 3 மீட்டர் உயரத்தில் கட்டினால் அதே உருளலுக்கு 0.7 ஹெர்ட்ஸ்தான். தொடுவானம் குறையுமே என்றால், 3 மீட்டரிலிருந்து 20 மீட்டர் உயரக் கப்பல் மேற்கட்டுமானம் 25 கிலோமீட்டர் வரை ரேடியோவுக்குத் தெரியும். சோலென்டுக்கு அது தாராளம்.

ஆதார ஆன்டெனாவையும் தேடும் ஆன்டெனாவையும் ஒரே கம்பத்தில், முடிந்தவரை ஒரே உயரத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் நேர் சிக்னலில் ஏறும் ஆட்டம் இரண்டு சேனலிலும் ஒன்றாகவே இருக்கும், மென்பொருளால் கழிக்க முடியும். ஒன்று உச்சியிலும் மற்றொன்று அமரத்திலும் இருந்தால் நேர் சிக்னலே கழியாது.

படகு ஓடினால் கதை இன்னும் கடினம். கோபுரத்தை நோக்கி 5 நாட்டில் போனால் நேர் சிக்னல் 4.3 ஹெர்ட்ஸ் ஏறும், பின்னால் உள்ள கரையின் எதிரொலி 4.3 இறங்கும். ஆக, நிலையான கரை முழுவதும் 0 முதல் −8.6 ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். வழக்கமான கழிப்பு முறையோ கரை சைபரில்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. இந்தப் பட்டைக்கு வெளியே இருக்கும் ரெட் ஜெட் தெரியும், 4 நாட் பாய்மரப் படகு தெரியாது. இதைத் தீர்க்க வேண்டுமானால் ரிசீவர் வாங்கிய மூல அளவுகளை (சாம்பிள்) ஜி.பி.எஸ். நேரத்தோடும் ஆட்ட உணரியின் அளவுகளோடும் சேர்த்துப் பதிந்து, பிறகு கரையில் உட்கார்ந்து திருத்த வேண்டும். இரண்டு சேனல் 8 பிட்டில் பதிந்தால் வினாடிக்கு 9.6 மெகாபைட், மணிக்கு 35 கிகாபைட். மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமித்தால் அதில் நான்கு மடங்கு, எஸ்.டி. கார்டு தாங்காது. யு.எஸ்.பி 3 எஸ்.எஸ்.டி. வையுங்கள்.

படகுக்கே உரிய இன்னொரு தொல்லை அமரத்தில் சுழலும் காற்றாலை. மூன்று கார்பன் இறக்கை, நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் வினாடிக்கு 30 முறை இறக்கை ஆன்டெனாவைக் கடக்கிறது. தூரம் சைபரில் 30, 60, 90 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல் போலக் கோடுகள் நிற்கும். கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கப்பல் என்று நினைக்க வேண்டாம், அது காற்றின் வேகம். சோதனை நேரத்தில் காற்றாலையைப் பிரேக் போட்டு நிறுத்துங்கள். பாய்மரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் கயிற்றில் கம்பி கலந்திருந்தால் அதையும் இழுத்துக் கட்டுங்கள்.

படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோவை மறக்கக் கூடாது. 25 வாட்டில் பேசினால் 3 மீட்டர் தள்ளி அந்த அலைவரிசைக்குப் பொருந்திய ஒரு ஆன்டெனாவில் 60 மில்லிவாட்டுக்கு மேல் இறங்கும். டி.வி. அலைவரிசைக்கான (யு.எச்.எஃப்) யாகி அதில் ஒரு பங்கைத்தான் வாங்கும் என்றாலும், கிராக்கனின் முகப்பை மூச்சடைக்க வைக்க அது போதும். பேசும் ஒவ்வொரு முறையும் திரை முழுதும் வெளுத்துப்போவது இதனால். 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டிகள் இரண்டு வாங்கி இரு சேனலிலும் போடுங்கள். பெட்டிக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டியது இதில்தான். ஆதார, தேடும் கேபிள்களின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் வித்தியாசம் 125 மீட்டர் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. திசை காணும் வேலைக்குத்தான் ஐந்து கேபிளும் மில்லிமீட்டர் பார்த்து வெட்டப்பட வேண்டும். அந்த விதியை இங்கே கொண்டுவந்து நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய.

மின்சாரம்: பெட்டிக்கு 5 வோல்ட் 2.4 ஆம்பியர் வேண்டும், டேட்டாவுக்கு ஒன்றும் மின்சாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு யு.எஸ்.பி-சி வாய்கள். மெல்லிய கேபிளில் 0.3 ஓம் தடை இருந்தாலே 0.7 வோல்ட் தொலைந்து 4.3 ஆகிவிடும். சேனல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல்போவதும், ஒத்திசைவு திரும்பத் திரும்ப அறுவதும் பெரும்பாலும் இந்தக் கேபிளால்தான். குட்டையான, தடித்த கேபிளாகப் போடுங்கள். ராஸ்பெரி பை 4-ஐயும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒன்றரை ஆம்பியருக்கு மேல், ஒரு நாளுக்கு 40 ஆம்பியர்-மணி அளவில் போகும். சிறிய சாலிட்-ஸ்டேட் கடல் ரேடாரும் ஏறக்குறைய இதே அளவுதான் குடிக்கும், ஆகவே மின்சாரம் மிச்சம் என்று யாரும் வாங்க வேண்டாம். 12-லிருந்து 5 வோல்ட் மாற்றியைத் தனி உலோகப் பெட்டியில் வைத்து, உள்ளே போகும் கம்பியிலும் வெளியே வரும் கம்பியிலும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஆன்டெனா கேபிளின் எஸ்.எம்.ஏ திருகு இணைப்புகளை உப்புக் காற்று ஒரே பருவத்தில் பச்சை பூக்க வைத்துவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றாமல் வெளியே எதையும் விடாதீர்கள். பெட்டிக்குள் விசிறி ஓடுவதால் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும் முடியாது. கேபினுக்குள்தான் இடம்.

மென்பொருள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது. 2022 நவம்பரில், அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காரணமாகச் சொல்லி, தயாரித்தவர்களே தங்கள் செயலற்ற ரேடார் நிரலைப் பொது இடத்திலிருந்து எடுத்தார்கள். திசை காணும் நிரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே ரேடார் நிரல் எங்கிருந்து கைக்கு வரும் என்பதை உறுதி செய்துகொண்டு ஆர்டர் போடுங்கள். அந்த நிரல் பயன்படுத்துவதும் இரண்டே சேனல்தான். காசு கொடுத்த ஐந்தில் மூன்று சும்மா இருக்கும். ரேடாருக்கு மட்டும் என்றால் இது நியாயமான விலை என்று சொல்ல மனம் வரவில்லை.

ரேடார் மட்டுமே குறிக்கோள் என்றால் எஸ்.டி.ஆர்.பிளே நிறுவனத்தின் ஆர்.எஸ்.பி.டுவோ நல்ல மாற்று. ஒரே கடிகாரத்தில் இரண்டு டியூனர், 14 பிட், சேனலுக்கு 2 மெகாஹெர்ட்ஸ், யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம். கட்டம் 150 மீட்டராகப் பெரிதாகும். ஆனால் நேர் சிக்னலைத் தாங்கும் திறன் நன்றாகக் கூடும். ப்ளா2 என்ற திறந்த மூல ரேடார் நிரல் இதில் ஓடும். மிகக் குறைந்த செலவில் என்றால் யு.எஸ்.பி.யில் செருகும் இரண்டு ஆர்.டி.எல் டாங்கிள்களை ஒரே 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கோர்க்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இரண்டுக்கும் இடையே தாமதம் மாறும், அதை நேர் சிக்னலை வைத்து அளந்து திருத்த வேண்டும். டியூனர் தன் அதிர்வெண்ணைச் சற்றே கலைத்துக்கொள்ளும் டிதரிங்கை நிறுத்தாவிட்டால் இரண்டு சிக்னலுக்கும் இடையிலான கட்டக்கோணம் (ஃபேஸ்) நகர்ந்துகொண்டே போகும். கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆடும் படகில் சாலிடர் போட்ட கடிகாரக் கம்பியை நம்பி இருக்க முடியாது.

விளக்காக எந்த ஒலிபரப்பை எடுப்பது என்பதில் டி.வி.யைத் தவிர மற்றவை கப்பலுக்கு ஒத்துவருவதில்லை. டேப் எனும் டிஜிட்டல் வானொலியின் 1.536 மெகாஹெர்ட்ஸ் முழுதாகப் பெட்டிக்குள் அடங்கும், கட்டம் 195 மீட்டர். ஆனால் பிரிட்டனில் தேசிய டேப் பல கோபுரங்களிலிருந்து ஒரே அலைவரிசையில் வருவதால் ஒரு கப்பல் நான்காகத் தெரியும். பண்பலையில் கட்டம் 3 கிலோமீட்டர், அறிவிப்பாளர் மூச்சு விட்டால் அதுவும் போச்சு. நம் பக்கத்தில் கோடை பண்பலையின் 100.5 போல மலையுச்சியிலிருந்து வருவதை வைத்து விமானம் தேடலாம், தோணி தேட முடியாது. டி.வி.பி-டியில் ரிசீவரின் உதவிக்காகத் திரும்பத் திரும்ப வரும் பைலட் அலைகள் போலிப் பொட்டுகளை உண்டாக்கும் என்று படித்துப் பயப்பட வேண்டாம். அவை கப்பலின் தூரத்துக்கும் வேகத்துக்கும் மிகத் தள்ளி விழுகின்றன.

யார் வாங்கலாம்? திசை காணவும் ஆசை, ரேடாரும் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கடல் வி.எச்.எஃப் 16-வது சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸில் ஐந்து ஆன்டெனாவை வட்டமாக, பக்கத்துக்குப் பக்கம் 95 சென்டிமீட்டருக்குள் வைத்தால், யார் எந்தத் திசையிலிருந்து பேசுகிறார்கள் என்று சொல்லும். படகுக்கு இது ரேடாரைவிடப் பயனுள்ளது என்றே சொல்லத் தோன்றுகிறது. பனிமூட்டத்தில் வழி பார்க்க வாங்க நினைப்பவர்கள் வாங்கவே கூடாது. நின்றுவிட்ட கப்பல் இதில் தெரியாது, மிதவை தெரியாது, சுற்றுத் தூரம் சைபரை ஒட்டி வரும் படகும் தெரியாது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே வருவது கண்ணெதிரே இருந்தாலும் அந்தப் பளிச்சென்ற கோட்டுக்குள் மறைந்துவிடும்.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஜெட்டியில் படகு கட்டியிருக்கும்போது, கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் தாமே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சிக்னலைத் தனி டாங்கிளில் வாங்குங்கள், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒரு ஃபெர்ரியின் இடம், வேகம், போகும் திசையை எடுத்து, கோபுரத்தின் இடத்தையும் உங்கள் இடத்தையும் வைத்து, அது எந்தத் தூரக் கட்டத்தில், எத்தனை ஹெர்ட்ஸில் தெரிய வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவையுங்கள். பெரிய கப்பல்களுக்கான கிளாஸ் ஏ ஏ.ஐ.எஸ். உள்ள கப்பல் ஓடும்போது சில வினாடிக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும் என்பதால் கணக்கு துல்லியமாகவே வரும். பொட்டு அந்த வழியே போனால் எல்லாம் சரி. தூரம் சரியாகி டாப்ளரின் குறி மட்டும் தலைகீழாக இருந்தால் நிரலில் குறி மாற்றம். தூரம் எப்போதும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒத்திசைவு தவறியிருக்கிறது, மறுபடி செய்ய வேண்டும். ஒன்றுமே தெரியாமல் சைபர் கோடு மட்டும் கொழுத்து நின்றால், ஆதாரக் கேபிளும் தேடும் கேபிளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.